உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரிப் பெண்களின் பாட்டு நோட்டுகள்

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் பரதேசி ஜூதப்பள்ளி என்ற யூத ஜெபாலயத்தின் நீலநிறத் தரை ஓடுகளைப் பார்ப்பார்கள். அங்குள்ள பழைய செப்பேட்டைப் பற்றிக் கேட்பார்கள். வாசலுக்கு வெளியே மிளகும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தத் தெருவின் இன்னொரு பெருஞ்செல்வத்தைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. அது யூதப் பெண்கள் தங்கள் கையால் எழுதி, மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்துவந்த மலையாளப் பாட்டு நோட்டுகள். அவற்றைப் பற்றிய சில செய்திகள் இங்கே.

முந்நூறு பாட்டுகள்

கேரள யூதப் பெண்களின் நோட்டுகளிலிருந்து இதுவரை திரட்டப்பட்ட மலையாளப் பாட்டுகள் ஏறக்குறைய 300. எல்லாம் மலையாள எழுத்தில் எழுதப்பட்டவை. இன்று கிடைக்கும் நோட்டுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. பாட்டுகளோ அவற்றைவிட மிகப் பழையவை. சில பாட்டுகளின் மொழி பல நூற்றாண்டுகள் பின்னால் போகிறது. நோட்டு நைந்துபோகும் நேரத்தில் அடுத்த தலைமுறைப் பெண் புது நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்படித்தான் 18ஆம் நூற்றாண்டைத் தாண்டி இந்தப் பாட்டுகள் நம் காலம்வரை வந்து சேர்ந்தன.

கடிகாரம் வைத்தவர் பெயர் தெரியும்

18ஆம் நூற்றாண்டு மட்டாஞ்சேரி யூதர்களுக்குச் செழிப்பான காலம். கொச்சி அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரஹபி (1694–1771) 1760இல் ஜூதப்பள்ளிக்கு மணிக்கூண்டு கட்டினார். அதன் முகங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் இடம்பெற்றன. சீனாவிலிருந்து நீல ஓடுகள் வந்து தரையில் பதிந்ததும் அதே காலகட்டத்தில்தான். கட்டியவர் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. அதே தெருவில் விளக்கடியில் உட்கார்ந்து பாட்டை நகலெடுத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்களும் கட்டியவர்கள்தாம்.

ஆண்களின் பாட்டு ஆம்ஸ்டர்டாம் போனது

கொச்சி யூதர்கள் ஜெபாலயத்தில் பாடும் ஹீப்ருப் பாட்டுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டன. கொச்சியிலிருந்து கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் அச்சகங்களுக்குப் போய், புத்தகமாகத் திரும்பி வந்தன. 1686இல் மோசஸ் பெரேரா டி பைவா தலைமையில் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் கொச்சிக்கு வந்து போனதிலிருந்தே இரு ஊர்களுக்கும் இடையே புத்தகப் போக்குவரத்து இருந்தது. பெண்களின் மலையாளப் பாட்டுகளுக்கு அந்தக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அவற்றுக்குப் பேனாவும் தாளும்தான் அச்சகம்.

அச்சு அருகிலேயே இருந்தது

தமிழில் அச்சான தொடக்ககாலப் புத்தகங்களில் ஒன்றான ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் அச்சானது இதே கொச்சியில்தான். மலையாள எழுத்தில் முழுவதுமாக அச்சான முதல் நூலான ‘சம்க்ஷேபவேதார்த்தம்’ 1772இல் ரோமில் வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் மலையாள அச்சை நிலைநிறுத்தினார். அச்சு இவ்வளவு அருகில் இருந்தும் யூதப் பெண்களின் பாட்டுகளுக்கு மலையாள மூலத்துடன் பெரிய தொகுப்பு நூல் 2005இல்தான் வந்தது. நடுவிலிருந்த அத்தனை காலத்தையும் கையெழுத்து ஒன்றே தாங்கியது.

வட்டெழுத்தில் ஒரு மணமகன்

ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு வெட்டினார். எழுத்து வட்டெழுத்து. பகலில் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை எல்லாம் அந்த உரிமைகளில் அடங்கும். செப்பேடு ஜூதப்பள்ளியில் பத்திரமாக இருந்தது. அதன் நினைவு பெண்களின் வாயில் இருந்தது. ஜோசப் ரப்பானின் பெயர் அவர்களுடைய கல்யாணப் பாட்டுகளில் ஒலிக்கிறது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளை குடைபிடித்து வரும்போது, அந்தப் பழைய கௌரவம் பாட்டில் புதுப்பிக்கப்பட்டது.

கொடுங்கல்லூர் மறக்கவில்லை

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சி தலையெடுத்தது என்பார்கள். முன்பு அங்கே வாழ்ந்த யூதர்கள் கொடுங்கல்லூரை ஷிங்லி என்று அழைத்தார்கள். ஊரை விட்டு வந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்த ஊரின் நினைவு பாட்டுகளில் நின்றது. எவராயி என்பவர் ஜெருசலேமிலிருந்து நாடு பல கடந்து மலபாருக்கு வந்து சேர்ந்த பயணத்தைச் சொல்லும் பாட்டும் உண்டு. ஒரு சமூகம் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பொறுப்பைப் பெண்களிடம் விட்டிருந்தது. அவர்கள் அதைக் கைநழுவ விடவில்லை.

நோட்டுக்குள் என்ன இருக்கும்?

முதலிடம் கல்யாணப் பாட்டுகளுக்கு. பெண்ணை அலங்கரிப்பது, மாப்பிள்ளை ஊர்வலம், தாலி, வாழ்த்து என்று கல்யாணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாட்டு உண்டு. தாலியா என்று வியக்க வேண்டாம். கேரள யூதக் கல்யாணத்தில் தாலியும் இருந்தது. அடுத்து, பழைய ஏற்பாட்டுக் கதைகளைச் சொல்லும் பாட்டுகள். பிறகு ஜெபாலயம் கட்டிய கதைகள், திருநாள் பாட்டுகள், கடவுளை வேண்டும் பாட்டுகள். 20ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமுக்குத் திரும்பும் ஆசையைச் சொல்லும் புதுப் பாட்டுகளும் சேர்ந்தன. பழையதைக் காப்பதோடு நில்லாமல் புதியதையும் நோட்டு ஏற்றுக்கொண்டது.

கதையைக் கேட்டு அல்ல, கற்று எழுதியவை

வேதக் கதைப் பாட்டுகளில் பைபிளில் இல்லாத, ரபிகளின் விளக்க மரபில் மட்டும் வரும் செய்திகளும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவற்றை உருவாக்கியவர்களுக்கு ஆழமான சமயக் கல்வி இருந்தது என்பதற்கு இது சான்று. கேரள யூதர்கள் பெண்பிள்ளைகளுக்கும் ஹீப்ரு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ‘பெண்கள் பாட்டு’ என்று சொன்னதும் எளிய வாய்மொழிப் பாட்டு என்று எடுத்துக்கொள்வது தவறு. இவை படித்த பெண்களின் இலக்கியம்.

கிளி சொன்ன கதை

இந்தப் பாட்டுகளில் கிளி அடிக்கடி வருகிறது. துஞ்சத்து எழுத்தச்சன் ராமாயணத்தையே கிளி வாயால் பாடவைத்த மண் அல்லவா? கிளிப்பாட்டு மரபு கேரளத்தின் எல்லா வீடுகளுக்குள்ளும் பறந்து போயிருக்கிறது. இந்தப் பெண்களின் பாட்டுகளைக் கொண்டு 2004இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழக இசை ஆய்வு மையம் வெளியிட்ட குறுந்தகட்டின் தலைப்பிலும் ஓர் அழகிய கிளிதான் இருக்கிறது.

ஜெபாலயத்துக்கும் ஒரு பாட்டு

கொச்சிப் பகுதியில் யூதர்களுக்கு எட்டு ஜெபாலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. பல ஜெபாலயங்களுக்கு, கட்டிய வரலாற்றைச் சொல்லும் தனிப் பாட்டே உண்டு. 1568இல் கட்டிய பரதேசி ஜூதப்பள்ளியை 1662இல் போர்த்துக்கீசியர் கொளுத்தியபோது பழைய ஆவணங்கள் அழிந்தன. அப்படி ஆவணங்கள் எரிந்துபோன ஒரு சமூகத்துக்கு இந்தப் பாட்டுகள் எவ்வளவு பெரிய துணை என்பதை எண்ணிப்பாருங்கள். வரலாற்றாசிரியர்கள் இன்று இவற்றைச் சான்றாக எடுத்து வாசிக்கிறார்கள்.

ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்

உலகின் பல யூத சமூகங்களில், ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கொச்சியில் அந்தத் தடை பெண்களை அடக்கவில்லை. கல்யாணங்களிலும் திருநாட்களிலும் பெண்கள் குரலெடுத்துப் பாடினார்கள், ஆண்கள் மரியாதையோடு கேட்டார்கள். ஹீப்ருப் பாட்டுகளை ஆண்களோடு சேர்ந்தே பாடினார்கள். இப்படி ஒரு சபை இருந்ததால்தான் பாட்டும் வளர்ந்தது, எழுதிவைக்க வேண்டும் என்ற ஆர்வமும் வளர்ந்தது. கேட்பவர் இல்லாத கலையை எவரும் நகலெடுப்பதில்லை.

மாடியில் இரண்டாவது மேடை

கேரள ஜெபாலயங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வேதம் வாசிக்கும் மேடை கீழே நடுவில் இருப்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கே மாடியிலும் ஒரு மேடை இருக்கும். பெண்கள் அமரும் பகுதி அதை ஒட்டியே இருக்கும். சில நாட்களில் அந்த மேல்மேடையிலிருந்துதான் வேதம் வாசிப்பார்கள். பெண்களுக்கும் வேத வாசிப்புக்கும் நடுவே இருந்தது ஒரு மரத்தட்டி மட்டுமே. அவர்களுடைய பாட்டுகளில் ஹீப்ருச் சொற்கள் இவ்வளவு இயல்பாக வந்து அமர்ந்ததில் வியப்பில்லை.

வட்டமாய் நின்று கைகொட்டி

மலையாளப் பாட்டுகளில் பலவற்றைப் பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கைகொட்டி ஆடிக்கொண்டே பாடினார்கள். கேரளத்தில் ஓணத்துக்கு இந்துப் பெண்கள் ஆடும் கைகொட்டிக்களியோடும் நம் ஊர்க் கும்மியோடும் உறவுள்ள ஆட்டம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைகொட்ட முடியாது. ஆகவே பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருந்தாக வேண்டும். பிறகு எதற்கு நோட்டு? வாயில் இருப்பது வாயோடு போய்விடலாம் என்று அந்தப் பெண்கள் உணர்ந்திருந்தார்கள். நோட்டு, மறதிக்கு எதிரான ஏற்பாடு.

சுவர்களைத் தாண்டிய பாட்டு

மட்டாஞ்சேரி யூதர்களுக்குள் கடுமையான பிரிவுகள் இருந்தன. பரதேசி ஜூதப்பள்ளியில் ஒரு பிரிவினர் சம உரிமை இல்லாமல் தரையில் உட்கார வேண்டியிருந்தது. வழக்கறிஞர் ஏ.பி. சாலம் (1882–1967) இதை எதிர்த்து காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்றே அவரை அழைத்தார்கள். கூடி வழிபடவும் கல்யாண உறவு கொள்ளவும் தயங்கிய பிரிவுகளின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பாட்டுகள் பல இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஆண்கள் எழுப்பிய சுவரைப் பெண்களின் பாட்டு எத்தனையோ முறை தாண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டு

கேரளத்தின் க்னானாயக் கிறிஸ்தவர்களிடமும் பழைய கல்யாணப் பாட்டுகளும் பள்ளிப் (தேவாலயப்) பாட்டுகளும் உண்டு. பி.யு. லூக்கோஸ் அவற்றைத் தேடித் தொகுத்து 1910இல் ‘புராதனப் பாட்டுகள்’ என்ற பெயரில் அச்சிட்டார். அந்தப் பாட்டுகளுக்கும் யூதப் பெண்களின் பாட்டுகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதைப் பி.எம். ஜுஸே என்ற கேரள அறிஞர் ஆராய்ந்து காட்டினார். ஒரே மண்ணில் ஒரே மொழியைப் பேசியவர்கள். பாட்டின் நடையும் வாழ்த்தும் வேலி தாண்டி வந்ததில் வியப்பில்லை. க்னானாயப் பாட்டுகள் 1910இலேயே புத்தகமாகிவிட்டன என்பதுதான் வேறுபாடு.

கேம்பிரிட்ஜுக்குப் போன ஏடுகள்

1806இலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் கிளாடியஸ் புக்கானன் என்ற பிரிட்டிஷ் பாதிரியார் கொச்சி யூதர்களிடையே கையெழுத்துப் படிகளைத் தேடினார். அவர் சேர்த்த ஹீப்ரு ஏடுகள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சிவப்புத் தோலில் எழுதிய வேதச் சுருள் ஒன்றும் அவற்றில் உண்டு. அவர் தேடியது வேதம், ஹீப்ரு. மலையாளத்தில் பெண்கள் பாடும் பாட்டு அந்தக் காலத்து அறிஞர்களின் பட்டியலிலேயே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இந்த நிலை நீடித்தது.

1947: முதல் கட்டுரை

இந்தப் பாட்டுகளின் வரலாற்று மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடி ஏ.ஐ. சைமன். கொச்சி யூதர்களின் பாட்டுகளும் அவற்றின் வரலாற்று முக்கியத்துவமும் என்ற பொருளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1947இல் திருச்சூர் ராமவர்ம ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இன்று இத்துறையில் ஆய்வு செய்யும் எவரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பெட்டியில் எதை எடுத்துப்போனார்கள்?

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெவாதீம், மெசிலாத் சியோன், தாஓஸ் போன்ற வேளாண் குடியிருப்புகளில் குடியேறினார்கள். கடையையும் தோப்பையும் விட்டுப் போக வேண்டியிருந்தது. பெண்களின் பெட்டிகளில் பாட்டு நோட்டுகளுக்கு இடம் இருந்தது. தென்னையும் காயலும் இல்லாத அந்தப் புது ஊர்களில் மலையாள நோட்டுகள் அடுத்த காலத்தைக் கழித்தன. புது நாட்டில் பிறந்த பிள்ளைகள் ஹீப்ரு பேசி வளர்ந்தார்கள். மலையாள எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள்.

தேடி வந்த மூவர்

1970களில் நிலைமை மாறியது. ஷெர்லி இஸென்பெர்க், பார்பரா ஜான்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்களும் கேரளத்திலிருந்து பி.எம். ஜுஸேயும் பாட்டுகளைத் திரட்டத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் நோட்டுகளைக் கேட்டுப் பிரதி எடுத்தார்கள். வயதான பெண்களைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்தார்கள். இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருந்தால் பாடத் தெரிந்த தலைமுறையில் பெரும்பாலோர் மறைந்திருப்பார்கள். சரியான நேரத்தில் கதவைத் தட்டிய அந்த மூவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரூபி டேனியல்

மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்தவர் ரூபி டேனியல். எறணாகுளம் புனித தெரேசா பள்ளியில் படித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணிபுரிந்தார். 1951இல் இஸ்ரேல் போய் நியோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) வாழ்ந்தார். பாட்டியும் உறவுப் பெண்களும் பாடக் கேட்டு வளர்ந்த அவர், முதுமையில் அந்த மலையாளப் பாட்டுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய வாழ்க்கை நினைவுகள் 1995இல் நூலாக வந்தன. 2002இல் மறைந்தார். உரிமை மறுக்கப்பட்ட பிரிவில் பிறந்த ஒரு பெண், தன் ஊர்ப் பெண்கள் அனைவரின் பாட்டுக்கும் குரல் கொடுத்தார்.

நகல் எடுப்பவள் வெறும் நகல் எடுப்பவள் அல்ல

ஒரே பாட்டு இரண்டு நோட்டுகளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் சில அடிகள் கூடும், இன்னொன்றில் குறையும். எந்தப் பாட்டை முதலில் வைப்பது, எதைச் சேர்ப்பது என்பதிலும் நோட்டுக்கு நோட்டு வேறுபாடு உண்டு. அதாவது ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தொகுப்பாசிரியர் இருந்தார். தனக்கே பொருள் புரியாத பழஞ்சொல்லைக்கூட மாற்றாமல் எழுதி வைத்த பெண்களும் உண்டு. இன்று அந்தச் சொற்களைக் கொண்டுதான் மொழியறிஞர்கள் பாட்டின் வயதைக் கணிக்கிறார்கள். நம் பழைய ஏடுகளைப் படி எடுத்துக் காத்தவர்களை இலக்கிய வரலாறு போற்றுகிறது. அதே போற்றுதல் இந்தப் பெண்களுக்கும் உரியது.

‘கார்குழலி’

பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் (1947–2022) இஸ்ரேலிய ஆய்வாளர் ஓஃபிரா காம்லியேலும் சேர்ந்து தொகுத்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமின் பென்-ஸ்வி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஒரு பக்கம் மலையாளப் பாட்டு, கூடவே ஹீப்ரு மொழிபெயர்ப்பு. பாட்டி எழுதியதைப் பேத்தி தன் மொழியில் வாசிக்க வழி செய்த நூல் அது. தொடர்ந்து காம்லியேல் இந்தப் பாட்டுகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 2009இல் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் முடித்தார். ஒரு மலையாளிக் கிறிஸ்தவர், ஓர் இஸ்ரேலியப் பெண், அமெரிக்காவிலிருந்து வந்த பார்பரா ஜான்சன். இத்தனை பேர் கைகோத்த பிறகே பாட்டுகளுக்கு உரிய இடம் கிடைத்தது.

சொல் நின்றது, மெட்டு போனது

நோட்டுகளில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன. மெட்டுக்கு எழுத்து இல்லை. ஒரே பாட்டை ஓர் ஊரில் ஒரு மெட்டிலும் இன்னோர் ஊரில் வேறு மெட்டிலும் பாடியதுண்டு. ஒலிப்பதிவுக் கருவி வரும் முன்பே பாடியவர்கள் மறைந்த பாட்டுகளுக்கு இன்று சொல் மட்டும்தான் மிச்சம். எப்படிப் பாடினார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. பதிவானவை ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. 2004இன் குறுந்தகட்டுக்குப் பிறகு, முதிய பெண்கள் மறுபடி கூடிப் பயிற்சி எடுத்து மேடைகளிலும் பாடினார்கள்.

18ஆம் நூற்றாண்டு ஐதராபாத்தில்

கையெழுத்தில் பிழைத்த பெண்களின் பாட்டு வேறு ஊர்களிலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஹ்லகா பாய் சந்தா (1768–1824) என்ற பெண் கவிஞர் நிஜாமின் ஐதராபாத்தில் தன் உருது கஸல்களை ஒரு திவானாக, அதாவது கவிதைத் தொகுப்பாக, ஆக்கினார். அதன் கையெழுத்துப் படியை 1799இல் ஜான் மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்குப் பரிசளித்தார். அந்தப் படி லண்டனுக்குப் போய்ப் பிழைத்தது. அவருக்கு அரசவை இருந்தது, புரவலர்கள் இருந்தார்கள். மட்டாஞ்சேரிப் பெண்களுக்கு இருந்தது ஒருவருக்கொருவர் மட்டுமே.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நோட்டு

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மில்கா மார்த்தா மூர் (1740–1829) என்ற குவேக்கர் பெண்மணி, தன் தோழியர் எழுதிய கவிதைகளைத் தன் நோட்டில் எழுதிச் சேர்த்தார். ஹன்னா கிரிஃபிட்ஸ், சூசன்னா ரைட் ஆகியோரின் கவிதைகள் பலவற்றை நாம் இன்று வாசிப்பதற்கு அந்த நோட்டு ஒரு முக்கியக் காரணம். அது அச்சு நூலாக வந்தது 1997இல். கடல் கடந்த இரண்டு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத பெண்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: தோழியின் பாட்டை நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு எவரும் வைக்கப்போவதில்லை.

தஞ்சாவூரும் செங்கோட்டையும்

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி, ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். அதைப் பழைய படியோடு ஒப்பிட்டு 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆங்கில அரசு அந்த நூலைத் தடை செய்தது. அந்தத் தடை நீங்க 1947 ஆயிற்று. செங்கோட்டை ஆவுடையக்காள் பால்ய விதவை. திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளின் சீடரான அவர் வேதாந்தத்தை எளிய தமிழ்ப் பாட்டாகப் பாடினார். திருநெல்வேலிச் சீமைப் பெண்கள் அவற்றை வாய்ப்பாடமாகவும் நோட்டுகளிலும் காத்துக் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அச்சேறியது அந்தக் கைகளிலிருந்துதான்.

இடிந்த கட்டடம்

மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மரவேலைப்பாடு நிறைந்த உள்பகுதி இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் எஞ்சி நின்ற கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 30 அன்று, ஜூதத் தெருவில் எம்பிராய்டரிக் கடை நடத்திவந்த சாரா கோஹன் 96 வயதில் மறைந்தார். ஊரில் இன்று பாட்டைப் பாட ஒரு சபை கூட்டவும் ஆளில்லை. பாட்டுகள் மட்டும் அச்சிலும் ஒலிப்பதிவிலும் இருக்கின்றன. பெண்கள் எழுதி வைத்ததால் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, லாலி, கும்மி, தாலாட்டு எழுதிய நோட்டு தமிழ் வீடுகளில் எத்தனையோ உண்டு. பரணில், பீரோவின் அடித்தட்டில், பழைய டிரங்குப் பெட்டியில் பாருங்கள். கிடைத்தால் நான்கு வேலைகள் செய்யுங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை ஒரு தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள். எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். பாடத் தெரிந்த பாட்டியோ அத்தையோ சித்தியோ இருந்தால் இந்த வாரமே கைபேசியில் பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். மெட்டுக்கு வேறு காப்பு கிடையாது. எந்தப் பாட்டை எந்தச் சடங்கில், யார் யார் கூடிப் பாடினார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களைக் கேட்டுப் பாருங்கள். கொச்சிப் பெண்களின் நோட்டுகளை உலகம் கண்டுகொள்ள 1947 வரையும், பாட்டுகள் நூலாக 2005 வரையும் ஆயிற்று. நம் வீட்டு நோட்டுகள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.